ஆற்றில் கரைத்த பின்புத்தி

மூங்கில்துறையில் பின்புத்தி முந்திக்கொண்டு வர ஆரம்பித்தது ஒரு வைகாசி மாதத்து வியாழக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, ஆற்றோரம் இருந்த சித்தம்மாளின் டீக்கடையில். அப்போதுதான் அடுப்பில் பாலை வைத்திருந்தாள், பால் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை, பாத்திரத்தின் விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் 'அடடா, பக்கத்திலேயே நின்றிருக்கலாமே, பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டோமே' என்று ஓர் அங்கலாய்ப்பு வந்து அவள் நெஞ்சைப் பிசைந்தது. எதை விட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. பரிசல்காரன் கொண்டப்பன் வந்தான், எதிர்க்கரையில் யாரோ யாரையோ கூட்டிக்கொண்டு ஓடிப்போன கதையை எடுத்தான், அவள் இரண்டடி தள்ளிப் போய்க் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள், பால் பொங்கி அடுப்பை அணைத்தது. துணியெடுத்துத் துடைக்கும்போது அவளுக்கு வருத்தமே இல்லை, அதுதான் முன்னாலேயே பட்டு முடிந்துவிட்டதே.

அதற்கு முன்னால் பின்புத்தி என்ற சொல் அந்த ஊரில் செல்லமாகப் புழங்கிய சொல். சந்தையில் மாட்டை விற்றுவிட்டு வீட்டு வாசலுக்கு வந்த பிறகு பல்லைக் கடிப்பவன், சம்பந்தி எகத்தாளமாகப் பேசியதற்குச் சுடச்சுடப் பதில் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்த பிறகு நாக்கில் வந்து நிற்கும் பெண், மழை கொட்டி ஓய்ந்த பிறகு கூரைக்கு ஓலை தேடுபவன், எல்லோரும் தலையில் தட்டிக்கொண்டு 'எம் புத்தி பின்புத்தி' என்பார்கள், கேட்டவர்கள் சிரிப்பார்கள், அதோடு பாதிக் குற்றம் போய்விடும். அப்போது தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு நிழல் இருந்தது. ஊரே அதில் ஒதுங்கித்தான் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்தது.

ஒரு வாரத்துக்குள் அந்த அங்கலாய்ப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் சபாபதிக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே 'அந்தப் பையனை அறைந்திருக்கக் கூடாது' என்று மனம் அடித்துக்கொண்டது, எந்தப் பையன், ஏன் அறைந்தோம் என்று நாள் முழுக்க யோசித்து யோசித்துக் கடுகடுவென்று ஆகி, கடைசி வகுப்பில் அவர் கடுகடுப்பைப் பார்த்துச் சிரித்த ஒருவனை விட்டார் ஒரு அறை. இது எப்படி வந்தது என்று யாரும் பெரிதாக ஆராயவில்லை. அணைக்காரர்கள் அந்த வருஷம் தண்ணீரை முன்கூட்டியே திறந்தார்கள், மாமரம் கார்த்திகையிலேயே பூத்திருந்தது, எல்லாம் முந்தி வருகிற காலத்தில் இதுவும் முந்தி வருகிறது என்று விட்டுவிட்டார்கள்.

முதல் மாதம் ஊருக்கே தலைக்கனம் ஏறிவிட்டது. 'வாங்கியிருக்கக் கூடாது' என்று வந்தால் வாங்கவில்லை, 'சொல்லியிருக்கக் கூடாது' என்று வந்தால் வாயை மூடிக்கொண்டார்கள், இரண்டு பெண்கள் மாமியார் வீட்டுச் சண்டையை முளையிலேயே கிள்ளிவிட்டு ராணி மாதிரி நடந்தார்கள். ஆனால் எந்தக் காரியத்துக்குத்தான் அங்கலாய்ப்பு இல்லை? விதைக்கப் போனால் விதைத்திருக்கக் கூடாது என்று வந்தது, விதைக்காமல் உட்கார்ந்தால் விதைத்திருக்கலாமே என்று வந்தது. நிச்சயம் பண்ண வந்தவர்கள் தாம்பூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போனார்கள். ஆடி மாதத்தில் பாதி வயல்கள் தரிசாகக் கிடந்தன, ஊர் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அப்படி நின்றவர்களில் ஒருவர் இருசப்பன், சித்தம்மாளின் தாய்மாமன். அவருக்கும் சித்தம்மாள் வீட்டுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது, காரணம் பரிசல். மூங்கில்துறைக்குப் பாலம் இல்லை, சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் நாற்பத்தாறு கிலோமீட்டர், அதனால் பெண் எதிர்க்கரைக்கு வாழ்க்கைப்பட்டால் பரிசலில்தான் போவாள். பெண்ணேறும் பரிசலில் ரத்த சொந்தம் மட்டும்தான் ஏறலாம், மற்றவர்கள் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். ஏறிய ஒருவரைப் பாரம் அதிகம் என்று இறங்கச் சொல்வது அந்த ஊரில் செருப்பால் அடிப்பதைவிடப் பெரிய காரியம். சித்தம்மாளின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியின் கல்யாணத்தில் அவள் வீட்டார் இருசப்பனை அப்படி இறங்கச் சொல்லிவிட்டார்கள், அவர் வேட்டி நனைய இறங்கி நடந்தவர்தான், அதற்கப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் தலைகாட்டவில்லை.

அந்த மனுஷர் ஆடி மாத வெயிலில் தன் வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு, வயலுக்குப் போனாலும் அங்கலாய்ப்பு, போகாவிட்டாலும் அங்கலாய்ப்பு என்று காலையிலிருந்து நின்றுகொண்டிருந்ததைச் சித்தம்மாள் பார்த்தாள். பகையெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது, பாவமாக இருந்தது. கடைக்குள் போய்க் கல்லுப்பை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இந்தாங்க. தலையைச் சுத்தி ஆத்துல போடுங்க. கரையற மாதிரி அதுவும் கரைஞ்சு போயிரும். போட்டுட்டு உங்க வேலையைப் பாருங்க."

கண்ணேறு கழிக்க அவள் அம்மா செய்ததைத்தான் அவள் சொன்னாள், இது பலிக்கும் என்று அவளே நினைக்கவில்லை. இருசப்பன் போய்ப் போட்டார். உப்பு கரைந்த கணத்தில் அவர் முகம் தெளிந்தது, தோள் தளர்ந்தது, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "டீ ஒண்ணு போடு புள்ள" என்றார். பதினோரு வருஷத்துக்கப்புறம் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. சித்தம்மாள் அடுப்பு ஊதுகிற சாக்கில் அழுதாள்.

அப்புறம் ஊரே உப்பும் கையுமாக அலைந்தது. டீக்கடை வாசலில் சித்தம்மாள் ஒரு பானை நிறையக் கல்லுப்பு வைத்தாள், வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம். வயல்கள் விதைக்கப்பட்டன, நின்றுபோன நிச்சயங்கள் நடந்தன, சபாபதி வாத்தியார் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாகப் படித்துறைக்குக் கூட்டிப் போனார். சந்தித்துக்கொண்டால் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற ஊர் 'கரைச்சாச்சா' என்று கேட்க ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகையில் நேரத்துக்குக் கீழே 'கரைத்துவிட்டு வரவும்' என்று ஒரு வரி போட்டார்கள், அச்சகத்துக்காரன் ஏன் என்று கேட்டதற்கு எங்கள் ஊர் வழக்கம் என்றார்கள். படித்துறையின் கடைசி மூன்று படிகள் வெள்ளையாகப் பூத்துப்போயின, அங்கே நாய்கள் வாய் வைப்பதில்லை, கரையிலிருந்த புங்கமரம் ஆற்றுப் பக்கத்து இலைகளை மட்டும் உதிர்த்தது.

சித்தம்மாளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது கொண்டப்பனின் ஆடுகள் செத்தபோது. முதல்நாள் சாயங்காலம் 'பட்டிக் கதவைச் சாத்தியிருக்கலாமே' என்று அவனுக்கு வந்திருக்கிறது. பட்டிக் கதவு பத்தடியில் இருந்தது, ஆறு ஒரு கூப்பிடு தூரம். அவன் ஆற்றுக்கு நடந்து போய் உப்பைக் கரைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். விடிந்து பார்த்தால் நாய்கள் புகுந்து நாலு ஆட்டைக் குதறிப் போட்டிருந்தன. அவன் அவற்றை இழுத்துப் போய்ப் புதைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, டீக்கடைக்கு வந்து ஆறு இட்லி சாப்பிட்டான்.

"ஏன் கொண்டப்பா, மனசுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று சித்தம்மாள் கேட்டாள்.

"கஷ்டம் நேத்தே வந்து போயிருச்சேக்கா. சட்னி இருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவன் பொய் சொல்லவில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது அவன் முகம். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருடைய முகமும் கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பானையை வைத்திருக்கக் கூடாது என்று அவளுக்குள் ஒன்று எழுந்தது. அவள் பானையிலிருந்தே ஒரு கை அள்ளிப் போய் அதையும் கரைத்தாள்.

சித்தம்மாளுக்கு உலகத்தில் இருந்ததெல்லாம் தங்கை வளர்மதி ஒருத்திதான். அம்மா சாகும்போது சித்தம்மாளுக்குப் பதினைந்து, வளர்மதிக்கு நாலு. தலை பின்னி, பேன் பார்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி, அப்புறம் திருப்பூரில் தையல் வேலைக்கு அனுப்பி, அந்தக் கவலையிலேயே தனக்கொரு கல்யாணம் வேண்டும் என்பதையே மறந்துபோனவள் அவள். ஆவணி மாதம் வளர்மதிக்கு எதிர்க்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. திங்கட்கிழமை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பெண் எதிர்க்கரையில் கால் வைக்க வேண்டும் என்று பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அது வந்தது. எப்போதும் வருகிற மாதிரி இல்லை, படுத்திருந்தவளை உலுக்கி எழுப்பி உட்கார வைத்தது. 'அந்தப் பரிசலில் அவளை ஏற்றியிருக்கக் கூடாது. அத்தனை பேரை ஏற்றியிருக்கக் கூடாது. மாமனை இறங்கச் சொல்லியிருக்கலாம்.' சித்தம்மாள் படித்துறைக்கு ஓடி உப்பைப் போட்டாள், தெளிந்தது. தோசைக்கு மாவு கரைக்கும்போது மறுபடி வந்தது, மறுபடி ஓடினாள். பத்து மணிக்குத் தங்கைக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டும்போது மூன்றாவது தடவை வந்தது, கொக்கி தவறித் தவறிப் போனது, வளர்மதி எரிந்து விழுந்தாள்.

"உனக்கு ஒரு கொக்கி மாட்டத் தெரியலையாக்கா? தள்ளு, பார்லர்காரம்மா பார்த்துக்குவாங்க."

மூன்று மணிக்குத் துறையில் பரிசல் ஆயத்தமாக நின்றது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகை உண்டு. பட்டுப்புடவை கசங்கும் என்று மிதவைச் சட்டைகளைக் கொண்டப்பன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். பங்காளிகளில் பெரியப்பா வீடு ஏறியது, சித்தப்பா வீடு ஏறியது, நாங்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா என்று மூன்றாவது வீடும் ஏறியது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதையில் முகமெல்லாம் பூரிப்போடு, இருசப்பன் கடைசியாக ஏறி வளர்மதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மொத்தம் பத்தொன்பது பேர், பரிசலின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே நாலு விரல் இடம் இருந்தது. அணையில் திறந்த தண்ணீர் நடு ஆற்றில் சுழித்துக்கொண்டு போனது.

தாய் ஸ்தானத்தில் இருப்பவள் பெண்ணோடு பரிசலில் ஏறக்கூடாது, பரிசல் அக்கரை தொடும்வரை ஆரத்தித் தட்டோடு கரையில் நிற்க வேண்டும். சித்தம்மாள் நின்றாள்.

"கொண்டப்பா," என்றாள் மெல்ல. "உனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. காலையில இருந்து நாலு தடவை. கரைச்சுட்டேன்."

"பெரியப்பா, உங்களுக்கு?"

"எல்லாருக்கும் வந்துச்சு புள்ள. அதான் எல்லாரும் வரிசையா வந்து போட்டோமே, நீ பார்க்கல? நல்ல காரியத்துல நிக்க வெச்சுக் கேக்கற பாரு."

படியெல்லாம் உப்பாக இருந்தது, கால் வைத்தால் நறநறவென்றது. வளர்மதி பரிசலிலிருந்து அக்காவை எட்டிப் பார்த்தாள். கல்யாண அலங்காரத்தில் அவள் முகம் யாரோ ஒரு பெரிய மனுஷியின் முகமாக இருந்தது, கண் மட்டும்தான் அந்த நாலு வயசுக் கண்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு வந்துச்சு."

"என்ன சாமி?"

"காலையில உன்மேல எரிஞ்சு விழுந்திருக்கக் கூடாதுன்னு. உங்கிட்ட நல்லபடியா ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்திருக்கலாமேன்னு. அழுகை அழுகையா வருதுக்கா, ஏன்னே தெரியல."

சித்தம்மாளின் தொண்டை வரைக்கும் வந்தது. 'மாமா, நீங்க அடுத்த நடையில வாங்க.' ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொன்னால் இருசப்பன் இறங்குவார், அவர் இறங்கினால் மற்றவர்களையும் கேட்கலாம். அவள் வாயைத் திறந்தாள். இருசப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கை மட்டும் பரிசலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபடியும் ஒரு பதினோரு வருஷம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, வேட்டி நனைய அவர் இறங்கி நடப்பது வந்து நின்றது, கல்யாண நாளில் கெட்ட பேச்சு வேண்டாமே என்றிருந்தது.

"கரைச்சுடு சாமி," என்று தங்கையிடம் சொன்னாள். "அதுக்கென்ன, அக்காதானே."

ஆரத்தித் தட்டின் ஓரத்தில் வைத்திருந்த உப்பைத் தங்கை கையில் கொஞ்சம் கொடுத்தாள், மீதியைத் தானும் போட்டாள். இரண்டு பேருடைய முகமும் ஒரே நேரத்தில் தெளிந்தது. கொண்டப்பன் துடுப்பை ஊன்றித் தள்ளினான்.

பரிசல் பாதி ஆறு தாண்டியது. எதிர்க்கரையில் மாப்பிள்ளை வீட்டார் மேளத்தைத் தொடங்கினார்கள். சுழிப்பில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது, விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை மொண்டது, அப்புறம் ஆற்றின்மேல் பூவும் துண்டும் தலைகளும் தெரிந்தன. மூங்கில்துறைக் கரையில் அடுத்த நடைக்காக இருநூறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர்கூட ஐயோ என்று கத்தவில்லை. கத்த வைக்கிற அங்கலாய்ப்பு காலையிலேயே வந்து கரைந்து போயிருந்தது, எல்லோரும் துடைத்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்க்கரையில்தான் மேளத்தைப் போட்டுவிட்டு ஆட்கள் குதித்தார்கள், பன்னிரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். கொண்டப்பனும் பெரியப்பாவும் இருசப்பனும் பிழைத்தார்கள். மீதி ஏழு பேரை ஆறு கொண்டுபோனது, வளர்மதியை மறுநாள் மத்தியானம் ஏழு கிலோமீட்டர் கீழே எடுத்தார்கள்.

சித்தம்மாள் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, வர வேண்டியது வரும் என்று காத்திருந்தாள். நெஞ்சில் அடித்துக்கொள்ள ஒரு காரணம், 'அப்போது மட்டும் அப்படிச் செய்திருந்தால்' என்ற ஒரு முனை, அதைப் பிடித்துக்கொண்டு அழலாம் என்று தேடினாள். ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே நினைத்து, முன்னாலேயே வருந்தி, தன் கையாலேயே ஆற்றில் விட்டிருந்தாள். தங்கை இல்லை என்பது மட்டும்தான் இருந்தது, அது அழுகையாக மாறாமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், பாயில் உட்கார்ந்தார்கள், வழக்கப்படி சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தார்கள், மூடிக்கொண்டார்கள். ஒரு சாவு வீட்டில் இத்தனை பேர் இத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். வாசலுக்கு வெளியே இருசப்பன் மூன்று நாளாக, நனைந்து காய்ந்த அதே வேட்டியோடு உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஓர் அம்மாள் சுற்றுவழிப் பஸ்ஸில் வந்து இறங்கினார். திருப்பூரில் வளர்மதியோடு ஒரே அறையில் தங்கித் தையல் வேலை பார்த்த பெண்ணின் அம்மா, பேர் நாச்சாயி. அவருக்கு மூங்கில்துறையில் யாரையும் தெரியாது, ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. வழி கேட்டுக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், சித்தம்மாளைக் கட்டிக்கொண்டு, எந்தச் சாவு வீட்டிலும் எந்தப் பெண்ணும் சொல்வதைச் சொன்னார்.

"என்ன பண்றது கண்ணு. யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா?"

அறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். சித்தம்மாள் நாச்சாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், நகம் பதியும்படி பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா சொல்லுங்கம்மா."

"யாருக்குத் தெரியும் கண்ணு இப்படி ஆகும்னு."

"இன்னொருக்கா."

துக்கம் முற்றிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நாச்சாயி அவள் தலையைத் தடவித் தடவி அதையே சொன்னார். பாயில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து பக்கத்தில் வந்தார்கள். வெளியே இருந்த இருசப்பன் எழுந்து, குனிந்து உள்ளே வந்து, அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒருக்கா சொல்லும்மா," என்றார்.

"யாருக்குமே தெரியாதுங்கய்யா," என்றார் நாச்சாயி. "தெரிஞ்சா யாராச்சும் ஏத்துவாங்களா?"

"சத்தியமா?" என்று கேட்டாள் சித்தம்மாள்.

நாச்சாயி அவள் உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தி, பெற்ற மகள் மேல் ஆணையாக யாருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்து கொடுத்தார்.